காமிகெட் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை

டோக்கியோவில் காலை ஐந்து மணி என்றால் சென்னையில் நள்ளிரவு ஒன்றரை. ஆகஸ்ட் நடுவிலோ டிசம்பர் கடைசியிலோ முதன்முறையாகக் காமிகெட்டுக்குப் போகத் திட்டம் போடுகிற நம்மூர் அனிமே, மாங்கா ரசிகர்கள் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம். பயணம் குறித்த பாதிக் குழப்பம் இதிலிருந்துதான் அவிழும்.

கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும்போதே எடுத்துவிடலாமா? ஷின்ஜுகுவில் ரூம் போடுவதா, அகிஹபாராவிலா? நாலு பேர் ஒரே அறையில் தங்கிக்கொண்டால் செலவு குறையாதா? எல்லாம் நியாயமான கேள்விகள். கேட்கிற வரிசைதான் தலைகீழ். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டிக்கெட், அடுத்து தங்குமிடம், மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு என்பது நம் பழக்கம். கல்யாணத்துக்குப் போக அது சரி. காமிகெட்டுக்கு ஒத்துவராது. என்ன வாங்கப் போகிறோம், அது எந்த நாளில் கிடைக்கும், அன்று எத்தனை மணிக்கு உள்ளே நுழைய வேண்டும், அந்த நேரத்துக்கு எந்த ரயில் பாதை உதவும் என்று இவ்வளவும் தெரிந்த பிறகுதான் எந்த வட்டாரத்தில் அறை என்ற பேச்சே எழ வேண்டும்.

காமிகெட் என்பது ‘காமிக் மார்க்கெட்’டின் சுருக்கம். (மாங்கா என்றதும் ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வருகிற மூத்த வாசகர்களுக்கு: அது ஜப்பானியச் சித்திரக்கதை.) 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் ஒரு சிறு அரங்கில் 32 குழுக்கள், சுமார் 700 பேர் என்று தொடங்கியது. 2019 டிசம்பரில் நான்கு நாள் நடந்தபோது வந்தவர்கள் ஏழரை லட்சம். கொரோனாவுக்குப் பிறகு ஆண்டுக்கு இரு முறை, முறைக்கு இரண்டு நாள் என்று நடக்கிறது. 2024 டிசம்பரில் அந்த இரண்டு நாளில் வந்தவர்கள் மூன்று லட்சம் பேர். மேடையில் நட்சத்திரம் தோன்றிக் கையசைப்பதைப் பார்க்கப் போகிற கன்வென்ஷன் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே ரசிகர்களே வரைந்து, அச்சடித்து, மேசை போட்டு உட்கார்ந்து விற்கிறார்கள். அந்தப் புத்தகங்களுக்கு டோஜின்ஷி என்று பெயர். ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை மேசை: 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். அப்படிப்பட்ட அரை மேசைகள் ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல்.

நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். விற்பவர், வாங்குபவர், கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர் எல்லோரையுமே ‘பங்கேற்பாளர்’ என்றுதான் அமைப்பாளர்கள் அழைக்கிறார்கள். வாடிக்கையாளர் என்று அங்கே ஒருவரும் கிடையாது. காசு கொடுத்து வந்திருக்கிறேன், எனக்கு வேண்டியதைச் செய்து கொடு என்ற தோரணை அங்கே செல்லாது. பின்னால் வரும் பல விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது இந்த ஒரு சொல்லிலேயே விளங்கிவிடும்.

முதலில் நாள். நம் புத்தகக் காட்சியில் இன்றைக்கு விட்டதை நாளைக்குப் போய் வாங்கலாம். ஸ்டால் அங்கேயேதான் இருக்கும். காமிகெட்டில் ஒரு குழு ஒரு நாள்தான் உட்காரும். மறுநாள் அதே அரை மேசையில் வேறு யாரோ, வேறு எதையோ விற்றுக்கொண்டிருப்பார்கள். எந்த வகைப் படைப்புகள் எந்த நாளில் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட விளையாட்டின், அல்லது ஒரு குறிப்பிட்ட தொடரின் ரசிகராக இருந்தால் உங்கள் நாள் முதல் நாளா, இரண்டாம் நாளா என்று பார்த்துக்கொள்ளாமல் அறை பிடிப்பது, முகூர்த்தம் காலையா மாலையா என்று கேட்காமல் மண்டபத்துக்குக் கிளம்புவது மாதிரி. குழுவாரியான முழுப் பட்டியல் கேட்டலாகாக வெளிவரும். அது கைக்கு வரும் வரை காத்திருந்தால் அறை கிடைக்காது என்பதால், முதல் தடவை போகிறவர்கள் இரண்டு நாளையும் உள்ளடக்கியே இரவுகளைக் கணக்கிடுவது நல்லது. முந்தின இரவு, நடுவில் ஒன்று, முடிந்த இரவு என்று குறைந்தது மூன்று.

அடுத்து மணி. கொரோனாவுக்கு முன்பு பல்லாண்டுகள் டிக்கெட் என்ற ஒன்றே இல்லாமல் நடந்த சந்தை இது. இப்போது டிக்கெட் உண்டு, அதுவும் நேரவாரியாக. எல்லோருக்கும் முன்னால் நுழைகிற சீட்டு ஒன்று. அது குலுக்கலில் விழ வேண்டும். காலை நுழைவு இன்னொன்று, பிற்பகல் நுழைவு மற்றொன்று. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டையாக நகரத்தின் அனிமே, மாங்கா கடைகளிலும் விற்பனைக்கு வருவதுண்டு. விலையும் விற்கும் முறையும் முறைக்கு முறை மாறுவதால், அந்தந்த முறைக்கான அமைப்பாளர் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னது போன வருடத்துக்குத்தான் பொருந்தும்.

காலைச் சீட்டு வைத்திருப்பவர்களில் முண்டியடிக்கிற கூட்டம் முதல் ரயிலில் வந்து இறங்கும். அந்தக் காட்சி புகழ்பெற்றது, படமெடுத்துப் போடுவார்கள். அப்படி ஐந்து, ஐந்தரைக்கு வந்து இறங்குகிறவர்கள் கதவு திறக்கும் வரை வெட்டவெளியில் நான்கைந்து மணி நேரம் வரிசையில் இருக்கிறார்கள் என்பது அந்தப் படத்தில் தெரிவதில்லை. முந்தின இரவே போய் வாசலில் படுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின இரவே திருவரங்கத்தில் வரிசை கட்டுகிற நமக்கு அது இயல்பாகத் தோன்றலாம். அங்கே இரவில் கூடுவதை அமைப்பாளர்கள் கண்டிப்பாகத் தடை செய்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்தால், ஏதாவது அசம்பாவிதம் நடந்தால், அடுத்த முறை மண்டபமே கிடைக்காமல் போகலாம். அந்த இழப்பு எல்லாப் பங்கேற்பாளருக்கும் சேர்ந்ததுதான்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறவருக்கு முதல் ரயில் தேவையில்லை. சீக்கிரம் தீர்ந்துபோகும் புத்தகங்கள் புகழ்பெற்ற சில குழுக்களுடையவை. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான அரை மேசைகள் நடுப்பகலுக்குப் பிறகும் புத்தகங்களோடுதான் இருக்கும். ஜப்பானில் வந்திறங்கிய மறுநாள் ஐந்து மணி ரயிலைப் பிடிக்க நாலு மணிக்கு எழுந்தால், உங்கள் உடம்புக்கு அது இரவு பன்னிரண்டரை. அந்தத் தூக்கக் கலக்கத்தோடு வெட்டவெளியில் வரிசை, பிறகு மண்டபத்துக்குள் நெரிசல், மாலை நாலு மணி வாக்கில் மூடும் வரை நடை. ஒரு நாள் காலைச் சீட்டு, ஒரு நாள் பிற்பகல் சீட்டு என்று எடுத்துக்கொண்டு, காலைச் சீட்டு நாளிலும் சாவகாசமாகப் போனால் போதும். இதற்கு ஒப்புக்கொண்டால் அறை தேடுவது உடனே எளிதாகிவிடுகிறது. அதிகாலை நாலு மணிக்குக் கிளம்ப வசதியான அறையும் எட்டு மணிக்குக் கிளம்ப வசதியான அறையும் வேறு வேறு.

காமிகெட் நடப்பது டோக்கியோ பிக் சைட்டில். வளைகுடாவை ஒட்டி, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், கவிழ்த்துவைத்த பிரமிடுகள் போன்ற முகப்போடு 1996-இல் திறக்கப்பட்ட கண்காட்சி அரங்கம். அருகே இரண்டு ஸ்டேஷன்கள். ஒன்று ரின்காய் லைனில் கொகுசாய்-தெஞ்ஜிஜோ. இறங்கினால் ஏழு நிமிட நடை. இன்னொன்று யுரிகாமோமே என்ற ஓட்டுநர் இல்லாத குட்டி ரயிலின் டோக்கியோ பிக் சைட் ஸ்டேஷன்; மூன்று நிமிட நடை. மூன்று நிமிடம்தானே என்று எல்லோரும் யுரிகாமோமேயைத் தேர்ந்தெடுப்பார்கள். அழகான பயணம்தான், கடலையும் பாலத்தையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் பெட்டிகள் சிறியவை, கூட்டம் தாங்காது. காமிகெட் நாளில் ஆட்களை அள்ளிக்கொண்டு வருவது ரின்காய் லைன். வேடிக்கை பார்க்க ஒன்று, போய்ச் சேர ஒன்று.

ஆகவே வரைபடத்தில் பிக் சைட்டைச் சுற்றி வட்டம் போட்டு ஹோட்டல் தேடாதீர்கள். ரின்காய் லைன் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். ஒரு முனை ஷின்-கிபா, பிக் சைட்டிலிருந்து ஐந்து நிமிடம். மறு முனை ஒசாகி, பதின்மூன்று நிமிடம். ஒசாகிக்கு முந்தைய ஸ்டேஷன் ஒய்மாச்சி. இந்த இரண்டு இடங்களிலும் வேலை நிமித்தம் வருகிறவர்கள் தங்கும் பிசினஸ் ஹோட்டல்கள் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகளின் கண் அவ்வளவாக அந்தப் பக்கம் படுவதில்லை. ஒசாகியிலிருந்து யமனோட்டே லைன் பிடித்தால் நகரத்தின் முக்கிய இடங்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். என்னைக் கேட்டால் ஒய்மாச்சி அல்லது ஒசாகி. நடந்தே போகிற தூரத்தில், அரியாக்கேயில், நல்ல ஹோட்டல்கள் உண்டு. அந்த அறைகளுக்கு அரை மேசை பிடித்த குழுக்களும் புத்தகப் பெட்டிகளோடு போட்டி போடுவார்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம், விலையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுங்கள்.

ஷின்ஜுகு, இக்கெபுகுரோவில் தங்குவதும் தப்பில்லை. சைக்கியோ லைன் ரயில்கள் பல, ஒசாகியைத் தாண்டி அப்படியே ரின்காய் பாதைக்குள் ஓடிவிடும். ஷின்ஜுகுவில் ஏறினால் மாறாமல் கிட்டத்தட்ட அரை மணியில் இறங்கலாம். ஒரே எச்சரிக்கை: எல்லா சைக்கியோ ரயிலும் அப்படிப் போகாது. சில ஷின்ஜுகுவிலேயே நின்றுவிடும், சில வேறு பாதைக்குத் திரும்பிவிடும். பலகையில் ஷின்-கிபா என்று போட்டிருந்தால் மட்டும் ஏறுங்கள். ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு முறை ரயில் மாற வேண்டிய அறையைவிட, பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் ஒரே ரயிலில் போகிற அறை மேல். ஷின்ஜுகு ஸ்டேஷனுக்குள் சரியான பிளாட்பாரத்தைக் கண்டுபிடிக்கவே முதல் நாள் பதினைந்து நிமிடம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் கட்டாயம் கேட்கும் ஒரு பெயர் நிஷி-கசாய். இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி ஐ.டி. வேலைக்காகப் போன இந்தியர்கள் குடியேறி வளர்ந்த வட்டாரம். தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இந்திய மளிகைக் கடை, இந்தியச் சாப்பாட்டுக் கடை எல்லாம் அங்கே கிடைக்கும். சொந்தக்காரர் வீடு அங்கே இருந்துவிட்டால் ஹோட்டல் செலவே மிச்சம் என்று தோன்றும். வரைபடத்திலும் பிக் சைட்டுக்குப் பக்கம்தான். ஆனால் அது டொசாய் லைனில் இருக்கிறது. அங்கிருந்து பிக் சைட்டுக்கு நேர் ரயில் இல்லை. பஸ்ஸோ சுற்று வழியோதான். பிற்பகல் சீட்டு நாளுக்கு அது பரவாயில்லை. இரண்டு நாளும் காலையில் போகிறவர், காமிகெட் முடிந்த பிறகு நிஷி-கசாய்க்கு மாறி இரண்டு வேளை ருசியாகச் சாப்பிட்டு இளைப்பாறுவது புத்திசாலித்தனம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஜப்பானியச் சமையலில் சாறு என்று எது இருந்தாலும் அதில் மீன் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பார்த்தால் வெறும் காய்கறியாகத்தான் தெரியும்.

நாலு பேர் ஒரு ரூம் விஷயத்துக்கு வருவோம். அங்கே அறை வாடகை பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும். இருவர் பெயரில் பதிவு செய்துவிட்டு, ‘பாய் போட்டுக் கீழே படுத்துக்கிறோம்’ என்று இன்னும் இருவர் நுழைய முடியாது. தங்குகிறவர் ஒவ்வொருவரையும் பதிவேட்டில் எழுதுவது சட்டப்படியான கடமை; வெளிநாட்டுப் பயணியென்றால் பாஸ்போர்ட் விவரமும் வாங்குவார்கள். பிசினஸ் ஹோட்டல் அறை எப்படிப்பட்டது என்றால், பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. அதில் நாலு பேர் என்பது ஆசைக்குக்கூட இடமில்லாத கணக்கு. தனியாகப் போகிறவருக்கு கேப்சூல் ஹோட்டல் மலிவு. ஆனால் வாங்கிய புத்தகங்களை எங்கே வைப்பது? பல கேப்சூல்கள் ஆண்களுக்கு மட்டுமானவை என்பதையும் பெண்கள் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாடகைத் தளங்களில் பிடிக்கும் இடங்களில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அத்தகைய வீடுகளை ஆண்டுக்கு 180 நாளுக்கு மேல் விடக்கூடாது. உரிமம் இல்லாத இடம் கடைசி நேரத்தில் கைவிரித்தால், பண்டிகைக் கூட்டத்தில் மாற்று அறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

பண்டிகை என்றேன். ஆகஸ்ட் காமிகெட் ஓபோன் விடுமுறையை ஒட்டி வருகிறது. நம் ஆடி அமாவாசை போல முன்னோரை நினைக்கும் நாட்கள், பொங்கலைப் போல ஊருக்குக் கிளம்பும் கூட்டம். டிசம்பர் காமிகெட் புத்தாண்டை ஒட்டி. முடிந்ததும் கியோத்தோ போகலாம் என்று நினைத்தால் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் இருக்கையை முன்பதிவு செய்யாமல் நினைக்காதீர்கள். ஜனவரி முதல் மூன்று நாட்கள் பல கடைகள் மூடியிருக்கும்.

இனி விசா. இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் சுற்றுலாவுக்கே விசா வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் ஒவ்வொரு நாளும் எங்கே தங்குகிறீர்கள் என்று எழுதித் தர வேண்டும். அதாவது விசாவுக்கு முன்பே அறை. ஒரு முறை நுழைவதற்கான விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் வரைதான் செல்லும். அதாவது ரொம்பச் சீக்கிரமும் விண்ணப்பிக்க முடியாது. அறையோ தேதி அறிவித்த உடனேயே காலியாகத் தொடங்கும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று இடிப்பதுதான் முதல் பயணிகளைத் திணறடிக்கிறது. வழி ஒன்றுதான்: தேதி வந்ததும், பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய அறையைப் பிடித்துவையுங்கள், இரண்டு மூன்று நூறு ரூபாய் கூடுதலானாலும். ஆகஸ்ட் நிகழ்ச்சிக்கு ஜூன் வாக்கில் விசா. விசா கைக்கு வரும் வரை பணம் திரும்பாத விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். அதனால் டிக்கெட் கொஞ்சம் விலை ஏறும்தான். அந்த ஏற்றத்தை விசா மறுக்கப்படும் அபாயத்துக்கான காப்பீட்டுத் தொகையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று எங்காவது மாறியே போகிறார்கள். கொழும்பிலிருந்து நரிட்டாவுக்கு நேர் விமானம் உண்டு. டோக்கியோவின் இரண்டு விமான நிலையங்களில் ஹனேடா பிக் சைட்டுக்கு மிகப் பக்கம். மோனோரயிலில் தென்னோசு ஐல் வந்து ரின்காய்க்கு மாறலாம். நரிட்டா ஒரு மணி நேரத்துக்கும் மேல். டிக்கெட் விலையில் சில ஆயிரம்தான் வித்தியாசம் என்றால் ஹனேடா. எதில் வந்தாலும் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே வந்து சேருங்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் சின்னதுதான், அமெரிக்கா போனவர்கள் சிரிப்பார்கள்; ஆனால் விடியற்காலை எழ வேண்டிய பயணத்தில் அது வலிக்கும்.

வெயிலைப் பற்றிச் சென்னைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆகஸ்ட் டோக்கியோ 35 டிகிரியைத் தொடும், புழுக்கம் நம்மூர் போலவே. நாம் அந்த வெயிலில் நிழல் தேடி ஒதுங்குகிறவர்கள். அங்கே சிமென்ட் தரையில் வரிசையில் நிற்க வேண்டும். தொப்பி, தண்ணீர், உப்புச் சத்து மூன்றும் கையில் இருக்கட்டும். டிசம்பர் இன்னும் மோசம். விடிகாலையில் கடற்காற்றோடு சேர்ந்த நாலைந்து டிகிரிக் குளிருக்கு நம் அலமாரியில் உள்ள ஸ்வெட்டர் போதாது.

அரை மேசைகளில் கார்டைத் தேய்த்து வாங்கலாம் என்று எண்ணாதீர்கள். ஆயிரம் யென் நோட்டும், 500, 100 யென் நாணயமும்தான் அங்கே ராஜா. பத்தாயிரம் யென் நோட்டை நீட்டினால் விற்பவர் சங்கடத்தில் நெளிவார். முந்தின நாளே ரயில் கார்டில் பணம் ஏற்றும் இயந்திரத்தில் பெரிய நோட்டைப் போட்டுச் சில்லறையாக்கிக்கொள்ளலாம். சக்கரப் பெட்டியை மண்டபத்துக்கு இழுத்துவராதீர்கள். ஸ்டேஷன் லாக்கர்கள் காலையிலேயே நிரம்பிவிடும். அறையைக் காலி செய்யும் நாளென்றால் ஹோட்டல் வரவேற்பிலேயே பெட்டியை விட்டுவிட்டு வரலாம். காகிதம் கனக்கும் என்பது புத்தகக் காட்சியில் பை தூக்கியவர்களுக்குத் தெரியும். விமானத்தில் எத்தனை கிலோ அனுமதி என்று பார்த்து வாங்குங்கள். விற்பதில் ஒரு பகுதி வயது வந்தோருக்கானது. அட்டையைப் பார்த்து வாங்கிவிட்டு இந்தியச் சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

காஸ்ப்ளே செய்கிறவர்கள் ஹோட்டலிலிருந்தே வேடத்தோடு வரக்கூடாது, வேடத்தோடு திரும்பவும் கூடாது. மண்டபத்தில் பதிவு செய்துகொண்டு, அங்குள்ள உடைமாற்றும் இடத்தில்தான்.

மாலையில் முடிவு அறிவிப்பு வரும்போது விற்றவர், வாங்கியவர், வரிசையை ஒழுங்குபடுத்தியவர் எல்லோரும் நின்ற இடத்தில் கைதட்டுவார்கள். பல ஆண்டுப் பழக்கம் அது. ஸ்டேஷனில் அந்த நேரத்தில் எப்படியும் கூட்டம் நெரியும். ஒய்மாச்சிக்குப் போகும் ரயில் பத்து நிமிடத்தில் இன்னொன்று வரும். அவசரப்பட்டு ஓடாமல் இருந்து, நீங்களும் தட்டிவிட்டு வாருங்கள்.